வாட்டர் பம்ப்பும் பதினாறு நாட்களும்

சனிக்கிழமை மதியம் அப்பாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு புதுச்சேரியிலிருந்து கடலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிருமாம்பாக்கம் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டை விட்டு மேலே ஏறத் தொடங்கியது. பதினாறு வருடப் பழைய சின்ன பெட்ரோல் கார். அந்த முள் நடுவை விட்டு அசைந்து நான் பார்த்ததே இல்லை. ஏசியை நிறுத்தினேன், கண்ணாடியை இறக்கினேன், இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். கன்னியக்கோவில் நெருங்கும்போது முள் சிவப்பைத் தொட்டது, பானட் ஓரத்திலிருந்து ஆவி வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன். கை நடுங்கியது. வண்டி தீப்பிடித்துவிடும் என்றே நினைத்தேன்.

பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்து, "மூடியத் தொறந்துடாதீங்கம்மா, மூஞ்சியில அடிச்சிடும்" என்று கத்தினார். அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் திறந்திருப்பேன். ரேடியேட்டருக்குள் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. மூடியைத் திருகிய உடனே அந்த அழுத்தம் விட்டு, கொதிநீர் பீய்ச்சி அடிக்கும். முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். முக்கால் மணி நேரம் காத்திருந்து, ரேடியேட்டரின் மேல்குழாய் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகு, துணியைச் சுற்றி மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். இரண்டரை லிட்டர் தண்ணீர் உள்ளே போனது. முள் ஏறும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி மஞ்சக்குப்பம் வழியாக வீடு சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. முள் ஏறத் தொடங்கிய அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். சிவப்பைத் தொட்ட பிறகு ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டை வளைக்கக்கூடியது. ஹெட் வளைந்தால், இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்புக்கு நான் பின்னால் செய்த செலவெல்லாம் செலவே இல்லை என்று ஆகிவிடும். என் வண்டி தப்பியது என் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான், வண்டி மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது என்று புரிந்தது. காலையில் வண்டியை எடுத்தால் தரையில் உள்ளங்கை அளவு ஈரம் இருக்கும். ஏசித் தண்ணீர் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் ஏசித் தண்ணீர் நிறமில்லாமல், காய்ந்தால் சுவடில்லாமல் போய்விடும். இந்த ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளைத் தடம் இருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் இருக்கும் கூலண்ட் டப்பாவில் அளவு குறையும்போதெல்லாம் மோட்டார் போட்டு போர் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் 'கீச் கீச்' என்று ஒரு சத்தம். பெல்ட் சத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வாட்டர் பம்ப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று யாராவது எனக்கு அப்போது சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு காலை தெரிந்த ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். பார்த்துவிட்டு, "பம்ப்தாம்மா, 7,500 ஆகும், ஒரு வாரம் கழிச்சுத்தான் எடுக்க முடியும்" என்றார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் நல்ல ரேடியேட்டரை மாற்றவைத்து 4,800 ரூபாய் இழந்திருந்தேன். அப்போது ஒழுகியது ஒரு ரப்பர் குழாயின் கிளிப் மட்டும்தான். அந்த வலி உள்ளே இருந்தது. அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அப்பாவுக்கு 73 வயது, பஸ் ஏறி இறங்க முடியாது. வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள் நான், ஒரு வேலையை வரிசையாகச் செய்தால் வராமல் போகாது என்று நம்பினேன். ஒன்பது நாள் இருக்கிறதே, நானே செய்துவிடலாம் என்று அன்று மதியமே முடிவெடுத்தேன்.

அந்த முடிவு தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஒன்பது நாள் என்று கணக்குப் போட்டதுதான் தவறு. புதிதாகச் செய்பவருக்கு இது விடுமுறையில், வண்டி தேவைப்படாத காலத்தில் செய்ய வேண்டிய வேலை. தேதி ஒன்று தலைக்கு மேல் நின்றால் கை தானாக அவசரப்படும். நான் பின்னால் செய்த பெரிய தவறு அவ்வளவும் அந்தச் செவ்வாய்க்கிழமையால் வந்தது.

முதலில் ஒழுகுவது பம்ப்தானா என்று நானே உறுதி செய்தேன். இந்த ஒரு வேலையை மட்டும் நிதானமாகச் செய்தேன், அதனால் சரியாக வந்தது. வண்டிக்கு அடியில் பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து இரவு முழுக்க விட்டால், எந்த இடத்துக்கு நேர் கீழே சொட்டுகிறது என்று தெரியும். எனக்கு பெல்ட் இருக்கும் பக்கம், டைமிங் கவரின் கீழ் மூலையிலிருந்து சொட்டியது. குழாய் ஒழுகினால் கிளிப் அருகே ஈரம் இருக்கும், ரேடியேட்டர் ஒழுகினால் முன்பக்கம் சொட்டும். பம்ப்பின் உடம்பில் சின்னதாக ஒரு துளை வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வழிய அந்தத் துளை. அதன் வழியாக ஈரம் தொடர்ந்து வந்தால் பம்ப் முடிந்தது என்று பொருள். வெளியே சிலிக்கான் பசை பூசி அடைக்கக்கூடாது. இன்ஜின் அணைந்து ஆறிய பின், பெல்ட் ஓடும் சக்கரமான பம்ப் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது. நல்ல பம்ப்பில் அந்த ஆட்டம் இருக்காது. கீச் சத்தமும் அந்த பேரிங்கிலிருந்துதான்.

பம்ப் புல்லி கண்ணுக்கு எதிரே தெரிந்ததால், நான்கு போல்ட்டைக் கழற்றினால் பம்ப் கையில் வந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அன்று இரவு என் வண்டியின் அமைப்பைப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பம்ப்பைச் சுற்றுவது ஆல்டர்னேட்டர் பெல்ட்தான். ஆனால் பம்ப்பின் உடம்பு, வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதாவது இன்ஜினின் முதன்மைத் தண்டில் இருக்கும் கிராங்க் புல்லி, டைமிங் கவர், டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் வெளியே வந்தால்தான் பம்ப்பின் போல்ட்டுகளே தெரியும். இன்ஜினைத் தாங்கும் ஒரு பக்க மவுண்ட்டையும் கழற்ற வேண்டும். வண்டியைத் தொடும் முன் அதன் அமைப்பை முழுதாகப் படியுங்கள். உங்கள் வண்டியில் பம்ப் தனியாக வெளியே இருந்தால் அரைநாள் வேலை. டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருந்தால், முதல்முறை செய்பவருக்கு மூன்று முழு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் வாங்கியதில் ஒரு பெரிய தவறு. திங்கள் மாலை பள்ளி முடிந்து கடையில் வண்டிப் பெயரையும் வருடத்தையும் சொல்லி 1,380 ரூபாய்க்கு பம்ப் வாங்கினேன். வெள்ளிக்கிழமை பழைய பம்ப் கையில் வந்தபோது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புல்லி உட்காரும் தண்டு புதியதில் ஒரு விரல் அகலம் உயரம் அதிகம். அப்படியே போட்டிருந்தால் பெல்ட் கோணலாக ஓடியிருக்கும். ஒரே பெயரில் வந்த வண்டிக்குள்ளேயே இன்ஜின் வகை மாறியிருக்கிறது. பம்ப்புக்கும் இன்ஜினுக்கும் இடையில் கசியாமல் வைக்கும் காஸ்கெட்டின் உறையைப் பிரித்துவிட்டதால் கடையில் திரும்ப எடுக்கவில்லை. சனிக்கிழமை பழைய பம்ப்பை ஒரு பையில் போட்டு, ஆர்சி புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனேன். அங்கே கடையில் இருந்த பெரியவர் சேஸிஸ் எண்ணைக் கேட்டு, அதை வைத்துப் பாகத்தின் எண்ணைப் பார்த்து, பிறகு இரண்டு பம்ப்பையும் முகத்தோடு முகம் வைத்து, துளைகளும் உயரமும் விசிறியின் இதழும் ஒத்திருக்கிறதா என்று காட்டிவிட்டுத்தான் பில் போட்டார். 1,650 ரூபாய். "பழசக் கையில கொண்டாந்தீங்க பாருங்க, அதாம்மா சரி" என்றார். அவரே, கூலண்ட் பட்டு ஊறிய டைமிங் பெல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது என்று சொல்லி பெல்ட்டும் டென்ஷனரும் எடுத்துக் கொடுத்தார். அது இன்னொரு 1,560. வலித்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம். அந்தப் பெல்ட்டுக்காக மறுபடி இதையெல்லாம் பிரிப்பதை நினைத்தால் அந்தப் பணம் பெரிதே இல்லை.

கருவிகளில் பழையது வாங்கலாம் என்று முதல் ஞாயிறு மாலையே புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். நீளமான இரும்புக் கைப்பிடி ஒன்று நன்றாகவே கிடைத்தது. சாக்கெட்டுகளை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உள்பக்கம் தேய்ந்த சாக்கெட் போல்ட்டின் தலையை உருட்டிவிடும், அதற்குப் பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது. என் வண்டியில் பெரும்பாலும் 10, 12, 14, 17 மில்லிமீட்டர்தான். புதிய செட் 2,600 ரூபாய். ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி 1,400. அதை வாங்க யோசிக்கவே கூடாது. எங்கள் தெருவில் மண் கடற்கரை மணல் போலப் பொலபொலவென்று இருக்கும். முதல்முறை ஜாக்கி வைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. நல்லவேளையாக நான் அடியில் இல்லை. அப்புறம் தடித்த பலகை போட்டு அதன்மேல் ஜாக்கி, தூக்கியதும் ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஹாலோ பிளாக் வைத்துத் தூக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்தக் கல் ஓரத்தில் பாரம் பட்டால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். தயவு செய்து அதை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

புதன் மாலை கூலண்டை வடித்தேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் சிரமம் இல்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வடித்த பேசினை வாசலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது எங்கள் தெரு நாய் அதை மோந்து கொண்டிருந்தது. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் ஆசையாகக் குடிக்கும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய் செத்துவிடும். விரட்டிவிட்டு உடனே மூடி போட்ட கேனில் ஊற்றினேன். இரவெல்லாம் அது குடித்திருக்குமோ என்ற பயம். காலையில் வாலாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் நிம்மதி வந்தது. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் இன்னும் கவனம் வேண்டும். சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

கிராங்க் புல்லியின் நடு போல்ட் அசையவே இல்லை. புல்லி கூடவே சுற்றியது. கடைசியில் அப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, வண்டியை ஐந்தாவது கியரில் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக்கொள்ளச் சொன்னேன். சக்கரம் பூட்டினால் இன்ஜினும் சுற்றாது. நீளக் கைப்பிடிக்கு மேல் ஒரு இரும்புக் குழாயை மாட்டி மொத்த எடையையும் போட்டு அழுத்தினேன். 'டப்' என்று பெரிய சத்தம். ஏதோ உடைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். போல்ட்தான் விட்டிருந்தது. அப்பா உள்ளிருந்து, "வந்துடுச்சாம்மா?" என்றார். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு உற்சாகத்தை நான் பார்த்ததில்லை.

டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்கிலும் மேலே வால்வுகளை இயக்கும் கேம் சக்கரத்திலும் இருக்கும் குறிகளை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நான் வெள்ளை நகச்சாயத்தால் அந்தக் குறிகள் மேல் புள்ளி வைத்தேன், நாலு பக்கமும் போனில் படம் எடுத்தேன். பெல்ட் இல்லாத நேரத்தில் எந்தச் சக்கரத்தையும் சுற்றக்கூடாது. ஒரு பல் மாறினாலே வண்டி இழுக்காது, நடுங்கும். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டு முழு இன்ஜினும் போகும். புதிய பெல்ட் போட்ட பிறகு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒன்று. எங்காவது இடித்தால் நிறுத்திவிடுங்கள், அழுத்தி நகர்த்தாதீர்கள். சாவியைப் போட்டுச் சோதிப்பது அதற்கெல்லாம் அப்புறம்தான். மவுண்ட்டைக் கழற்றும்போது இன்ஜின் தொங்கிவிடாமல் ஆயில் தொட்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிப் பிடித்தேன். பலகை இல்லாமல் வைத்தால் தொட்டி நசுங்கும்.

இவ்வளவும் பயந்து பயந்து செய்ததால் சரியாக நடந்தது. பயப்படாமல் செய்த இடத்தில்தான் அடி விழுந்தது. பம்ப்பைப் பிடித்திருந்த சின்னச் சின்ன போல்ட்டுகள் பத்து மில்லிமீட்டர் தலை கொண்டவை. மூன்று சுலபமாக வந்தன. நான்காவதை ஒரே இழுப்பாக இழுத்தேன். கையில் மெத்தென்று ஒரு உணர்வு, அடுத்த நொடி தலை மட்டும் கீழே விழுந்தது. வியாழன் இரவு மணி பத்து. அந்தத் தலையைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். கடலுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் இது. உப்புக் காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு முறை துருப்பிடிக்கும். பதினாறு வருடம் அலுமினியத்துக்குள் இருந்த இரும்பு போல்ட் சும்மா வருமா? முதல் நாளே துரு விடும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க ஊறவிட்டு, தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் ஒரு மயிரிழை இறுக்கி, அப்புறம் தளர்த்தி, மறுபடி இறுக்கி என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்க வேண்டும். எண்ணெய் டப்பா 220 ரூபாய். அது அலமாரியில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பம்ப்பை மெல்ல ஆட்டி எடுத்தேன். உடைந்த போல்ட்டின் உடம்பு அரை விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் திருகப் போன என்னை, திருப்பாதிரிப்புலியூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி போனிலேயே தடுத்தார். "அக்கா, அதத் தொடாதீங்க, உள்ளயே முறிஞ்சா பிளாக்கத் தொளை போடணும்" என்றார். சனிக்கிழமை காலை வந்தார். முதல் வேலையாக பேட்டரி வயர்கள் இரண்டையும் கழற்றினார், வெல்டிங் மின்சாரம் வண்டியின் கம்ப்யூட்டரைத் தின்றுவிடுமாம். சுற்றிலும் ஈரச் சாக்கைப் போர்த்தினார், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நீட்டிக்கொண்டிருந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டு வைத்தார். கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பானர் போட்டதும் வெண்ணெயில் சுற்றுவது போல வெளியே வந்தது. அந்தச் சூட்டில்தான் துருவின் பிடி விடுகிறது. பத்து நிமிட வேலை, 500 ரூபாய். போகும்போது, போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் தன்னுடைய டார்க் ரெஞ்சையும் விட்டுவிட்டுப் போனார். அவர் அதற்குக் காசு கேட்கவில்லை. உடைந்த போல்ட் உங்கள் கையில் இருந்தால், அன்றே எதையாவது செய்து எடுத்துவிட வேண்டும் என்ற வேகத்தை அடக்கிக்கொண்டு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வீட்டில் நாமாக வெல்டிங் வைக்கும் வேலை அல்ல இது.

ஞாயிற்றுக்கிழமை புதிய பம்ப்பைப் பொருத்தினேன். பழைய காஸ்கெட் காகிதம் இன்ஜின் முகத்தில் பாறை போல ஒட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன், அலுமினியத்தில் இரண்டு கோடு விழுந்தது. கோடு விழுந்த பயத்தில் சிலிக்கானை இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசினேன். மாலை ஏழு மணி. டியூபில் 24 மணி நேரம் காயவிடச் சொல்லியிருந்தது. செவ்வாய்க்கிழமை ஜிப்மர். எட்டரைக்குக் கூலண்டை ஊற்றிவிட்டேன். திங்கள் காலை அட்டையில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய வட்டம்.

அந்தக் காலை எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வாடகைக் காருக்கு 1,900 ரூபாய் கொடுத்து அப்பாவை அழைத்துப் போனேன். அந்த 1,900 ரூபாயை முதல் நாளே செலவாக ஏற்றுக்கொண்டிருந்தால் அவசரமே இருந்திருக்காது. சிலிக்கான் காய்ந்திருக்கும், முழு வேலையையும் இரண்டாவது முறை பிரிக்க வேண்டி வந்திருக்காது.

இரண்டாவது முறை நான்கு நாள், தினம் மாலை இரண்டு மணி நேரம் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியாத வரை சுத்தம் செய்தேன். அதற்கே ஒரு முழு மாலை போனது, போகட்டும். போல்ட் துளைகளுக்குள் தேங்கிய கூலண்டையும் துணித் திரியால் உறிஞ்சி எடுத்தேன், அது இருந்தால் போல்ட் முழுதாக இறங்காது. புதிய காஸ்கெட், கோடு விழுந்த இடத்தில் மட்டும் மெல்லிய சிலிக்கான். அதிகமாகப் பூசினால் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ரேடியேட்டர் குழாய்களில் போய் அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில், கடைசியில் டார்க் ரெஞ்சில் என் வண்டிக்குச் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். அந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு அது 10 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான். கைக்கு அது ரொம்பக் குறைவாகத் தோன்றும். இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் அலுமினிய மரை உரிந்துவிடும். பிறகு பூட்டிய நிலையில் ஒரு முழு நாள் தொடாமல் விட்டேன்.

கூலண்ட் ஊற்றியதோடு வேலை முடியாது, உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கும். முன்பக்கத்தை ஸ்டாண்டில் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து விட்டேன். முதலில் குமிழ் குமிழாக வரும், அளவு குறையக் குறைய ஊற்ற வேண்டும். சூடேறியதும் கூலண்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல்குழாய் திடீரென்று சூடாகும், மட்டம் சட்டென்று இறங்கும். அப்போதும் ஊற்றி, குமிழ் நின்றதும் மூடினேன். மூடியின் ரப்பர் வெடித்திருந்ததால் 180 ரூபாய்க்குப் புதியது. அடுத்த மூன்று நாள் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது அளவைப் பார்த்துக் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருந்தது.

பழைய பம்ப்பை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் விசிறி இதழ்கள் முழுக்க வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறது, எங்கள் வீட்டு வெந்நீர்ப் பானைக்குள் படிவது போலவே. இதழ்களின் ஓரம் துருவில் அரித்துப் பாதியாகியிருக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் நான் வருடக்கணக்கில் வண்டிக்குக் கொடுத்திருக்கிறேன். உப்புத் துகளும் துருவும் சுற்றிச் சுற்றி வந்து சீலைத் தேய்த்திருக்கின்றன. கூலண்ட் என்பது வெறும் நிறத்தண்ணீர் இல்லை, உள்ளே துருவைத் தடுக்கும் ரசாயனமும் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது நீர்த்துப்போகும். கலந்தே வரும் கூலண்ட் வாங்கினால் தண்ணீரே தேவையில்லை. கெட்டியாக வருவதை வாங்கினால் பாதிக்குப் பாதி பேட்டரித் தண்ணீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கன்னியக்கோவிலில் நின்றது போல வழியில் மாட்டிக்கொண்டால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் வீடு வந்ததும் அதை முழுக்க வடித்துவிடுங்கள்.

மொத்தம் எனக்கு ஆனது 13,930 ரூபாய். மெக்கானிக் கேட்டது 7,500. இதில் 4,550 ரூபாய்க்குக் கருவிகள், அவை அலமாரியில் இருக்கின்றன. தவறான பம்ப், இரண்டாவது காஸ்கெட், வீணான கூலண்ட், உடைந்த போல்ட், வாடகைக் கார் என்று என் தவறுகளுக்கு மட்டும் 4,290. நேரம் 31 மணி, நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். வலது மணிக்கட்டு இரண்டு வாரம் வலித்தது.

டைமிங் கவரை மூடும் முன் உள்பக்கம் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதினேன். அடுத்து யார் திறந்தாலும், அது நானாகவே இருந்தாலும், பெல்ட் எப்போது மாறியது என்று தெரியும். அடுத்த மாத ஜிப்மர் பயணத்தில் கிருமாம்பாக்கம் தாண்டும்போது அப்பா சாலையைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது நடுவிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியில் அட்டையை விரிப்பதும் இப்போது அவர்தான். காலையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, காய்ந்திருக்கிறது என்று எனக்குக் காட்டி மடித்து வைக்கிறார்.